கிளெப் தேர்வு: உளவியல் அறிமுகத்தில் மூன்று கிரெடிட் பெறுவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரியில் இளநிலைப் பட்டம் வாங்கப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். அதில் முதலிரண்டு ஆண்டுகளில் வரும் பொதுப்பாடங்கள் சிலவற்றை, வகுப்பில் உட்காராமல் ஒரே தேர்வில் முடித்துவிடலாம். காலேஜ் போர்டு 1967 முதல் நடத்திவரும் கிளெப் தேர்வுகள் இதற்காகவே இருப்பவை. உளவியல் அறிமுகத் தேர்வில் தேறினால் வழக்கமாக 3 கிரெடிட். கம்யூனிட்டி காலேஜில்கூட ஒரு பாடத்துக்குச் சில நூறு டாலர் ஆகிறது; இந்தத் தேர்வின் கட்டணம் நூறு டாலரை ஒட்டி இருக்கும், அதோடு தேர்வு மையத்தின் கட்டணம் சிறிதளவு. வயது வரம்பு கிடையாது. ஹைஸ்கூல் மாணவரும் எழுதலாம், பிள்ளைகளை வளர்த்தபின் மறுபடி படிக்கத் தொடங்கும் அம்மாவும் எழுதலாம்.

இந்த அத்தியாயம் நீங்களே படித்து எழுதுவதற்கானது. தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்பதால், கலைச்சொற்களைத் தேர்வில் வருகிறபடியே கொடுத்திருக்கிறேன்.

## தேர்வு எப்படி இருக்கும்

கணினியில் எழுதும் தேர்வு. 90 நிமிடத்தில் சுமார் 95 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள் தரப்பட்டிருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. சில கேள்விகள் எதிர்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை, அவை கணக்கில் சேராது. எவை என்று உங்களுக்குத் தெரியாது.

மதிப்பெண் 20 முதல் 80 வரை. பெரும்பாலான கல்லூரிகள் 50 எடுத்தால் கிரெடிட் தருகின்றன. எண்பதுக்கு ஐம்பது என்று எடுத்துக்கொண்டு சதவீதக் கணக்குப் போடாதீர்கள். எத்தனை கேள்வி சரியோ அதை வேறோர் அளவுகோலுக்கு மாற்றித் தருகிறார்கள். வகுப்பில் சி கிரேடு வாங்கும் மாணவரின் அளவுக்குத் தெரிந்திருந்தால் 50 வரும் என்பதே அதன் பொருள்.

பாடத்திட்டத்தில் 13 பகுதிகள். ஆய்வுமுறை, மூளையும் நரம்பும், புலனுணர்வு, உறக்கமும் நனவுநிலைகளும், கற்றல், நினைவும் சிந்தனையும், ஊக்கமும் உணர்ச்சியும், வளர்ச்சி, ஆளுமை, மனநோய்கள், சிகிச்சை, சமூக உளவியல், புள்ளியியல். மதிப்பெண் ஒரே இடத்தில் குவியாமல் எல்லாவற்றிலும் பரவிக்கிடக்கிறது. அதனால் ஃப்ராய்டு சுவையாக இருக்கிறாரே என்று அவரிடமே இரண்டு வாரம் தங்கிவிட்டால் மற்ற பன்னிரண்டும் பட்டினி கிடக்கும்.

## படிப்பதற்கு முன்: கல்லூரியிடம் கேளுங்கள்

பணம் கட்டிப் படித்து எழுதித் தேறியபின், "எங்கள் கல்லூரி இதை ஏற்பதில்லை" என்று கேட்பதைவிட வேதனை வேறில்லை. ஏறத்தாழ 2,900 கல்லூரிகள் கிளெப் கிரெடிட்டை ஏற்கின்றன என்றாலும், பேர்போன தனியார் பல்கலைக்கழகங்கள் பல ஏற்பதில்லை. உங்கள் அட்வைசருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். கேட்க வேண்டியவை:

1. உளவியல் அறிமுகத்துக்கு கிளெப் ஏற்கிறீர்களா? எத்தனை மதிப்பெண் வேண்டும்? சில கல்லூரிகள் 50-க்கு மேல் கேட்கும்.
2. கிரெடிட் எந்தப் பாடத்தின் பெயரில் பதிவாகும்? என் பட்டத்துக்கு வேண்டிய பாடமாகக் கணக்கில் சேருமா, வெறும் எலெக்டிவ் (விருப்பப்பாடம்) தானா?
3. தேர்வு வழியாக எத்தனை கிரெடிட் வரை சேர்க்கலாம்?
4. ஏற்கெனவே ஹைஸ்கூலில் ஏ.பி. உளவியல் தேர்வெழுதிக் கிரெடிட் வாங்கியிருந்தால் இது வீண்தானே? பெரும்பாலும் வீண்தான், ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் கிடையாது.
5. வீட்டிலிருந்து எழுதும் தேர்வையும் ஏற்பீர்களா?

எச்சரிக்கை: எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் முழுநேர மாணவராக இருக்க வேண்டும், இளநிலையில் அது வழக்கமாக 12 கிரெடிட். கிளெப் வழியாக வரும் கிரெடிட் அந்தக் கணக்கில் சேராது. "தேர்வில்தான் தேறிவிட்டேனே" என்று ஒரு வகுப்பைக் கைவிட்டால் விசா நிலையே ஆட்டம் காணும். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எந்த வகுப்பையும் கைவிடாதீர்கள். மருத்துவக் கல்லூரிக்குப் போக நினைப்பவர்களும் முதலில் விசாரிக்க வேண்டும். தேர்வு வழியாக வந்த கிரெடிட்டைப் பல மருத்துவக் கல்லூரிகள் விரும்புவதில்லை.

## என்ன வாங்க வேண்டும், என்ன வாங்க வேண்டாம்

பாடநூலுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்டிருக்கும் உளவியல் பாடநூலின் இரண்டாம் பதிப்பு இணையத்தில் இலவசம், 16 அத்தியாயங்கள். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு இந்தத் தேர்வுக்கென்றே இலவச வகுப்பு நடத்துகிறது. வகுப்பை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சரும் தருகிறது. வவுச்சர் எண்ணைப் பதிவு செய்யும்போதே கொடுக்க வேண்டும், ஆகவே அது கைக்கு வரும்வரை கட்டணம் கட்டாமல் பொறுத்திருங்கள். ராணுவத்தில் பணிபுரிபவர்களுக்கு முதல் முயற்சியின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

காசு கொடுத்து வாங்கத்தக்கது ஒன்றுதான்: காலேஜ் போர்டே வெளியிடும் மாதிரித் தேர்வு. கேள்வி எந்தச் சாயலில் வரும் என்பதை அதைவிட நன்றாக வேறெதுவும் காட்டாது.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வழிகாட்டிகளில் கவனம் தேவை. மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-இல் வந்தது. அதற்கு முந்தைய நூல்களில் 'ஆஸ்பர்கர்' தனி நோயாக இருக்கும். இப்போது அது ஆட்டிசம் ஸ்பெக்ட்ரத்தில் அடக்கம். ஸ்கிசோஃப்ரீனியாவின் பேரனாய்ட், கேட்டடானிக் என்ற உள்வகைகளையும் எடுத்துவிட்டார்கள். பழைய நூலில் மற்ற பகுதிகளைப் படிக்கலாம், நோய்ப் பகுதியை மட்டும் புதிய நூலில் படியுங்கள்.

## ஒரு நாளைய படிப்பு

அத்தியாயத்தைப் படித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, மறுபடி படிப்பது நம்மில் பலருக்குப் பள்ளியிலேயே ஊறிய பழக்கம். இந்தத் தேர்வுக்கு அது போதாது. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. நினைவு பற்றிய பகுதியில் 'டெஸ்டிங் எஃபெக்ட்' என்று நீங்கள் படிக்கப்போவதும் இதுவே. படிக்கிற பாடத்தைப் படிக்கிற முறையிலேயே பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு வேறு பாடங்களில் கிடைப்பதில்லை.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்:

1. முதல் 10 நிமிடம்: நேற்றைய, போன வாரத்து ஃப்ளாஷ் கார்டுகள். தெரியாதவை ஒரு கட்டு, தெரிந்தவை ஒரு கட்டு.
2. அடுத்த 25 நிமிடம்: புதிய பகுதியை ஒரே முறை படியுங்கள். கோடு போட வேண்டாம்.
3. நூலை மூடிவிட்டு 10 நிமிடம்: நினைவிருப்பதை வெள்ளைத்தாளில் எழுதுங்கள். பாதி வராது, பரவாயில்லை. பிறகு நூலைத் திறந்து விட்டதை வேறு மையில் நிரப்புங்கள்.
4. மீதி 15 நிமிடம்: விட்டவற்றுக்கு மட்டும் கார்டு எழுதுங்கள்.

குறிப்பு: கார்டின் பின்பக்கம் வரையறையை எழுதாதீர்கள். முன்பக்கம் ஒரு சின்னச் சம்பவம், பின்பக்கம் அதன் பெயர். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

## மதிப்பெண் போகும் இடம்: இரட்டையர்கள்

"பனிஷ்மென்ட் என்றால் என்ன?" என்று தேர்வு நேராகக் கேட்பது குறைவு. நாலு வரியில் ஒரு சம்பவத்தைச் சொல்லி, இது எது என்று கேட்கும். தரப்பட்ட ஐந்து விடைகளில் இரண்டு பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தவர் தேறுகிறார். தயாரிப்பின் பெரும்பங்கை இதில் செலவிடச் சொல்வேன்.

ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், பனிஷ்மென்ட். மிக அதிகம் பேர் தவறும் இடம். கடையில் குழந்தை சாக்லேட் கேட்டு அழுகிறது. அம்மா வாங்கிக் கொடுக்கிறார். அழுகை நிற்கிறது. அடுத்த வாரம் கடைக்குள் நுழைந்ததும் குழந்தை அழுகிறது, அம்மா உடனே வாங்கிக் கொடுக்கிறார். இப்போது கேள்வி: அம்மாவின் நடத்தை எதனால் வலுப்பட்டது?

பாசிட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்று கை போகும். அது குழந்தைக்குப் பொருந்தும் விடை: அழுதது, இனிப்பு வந்தது, அழுவது கூடியது. அம்மாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை; தொல்லையான சத்தம் நீங்கியது, அதனால் வாங்கிக் கொடுப்பது கூடியது. இது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். இந்த வகைக் கேள்வி வந்தால் வரிசையாக மூன்று கேட்டுக்கொள்ளுங்கள்:

1. யாருடைய நடத்தையைக் கேட்கிறார்கள்?
2. அந்த நடத்தை கூடியதா, குறைந்ததா? கூடினால் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், குறைந்தால் பனிஷ்மென்ட்.
3. ஒன்று சேர்ந்ததா, நீங்கியதா? சேர்ந்தால் பாசிட்டிவ், நீங்கினால் நெகட்டிவ்.

நல்லது கெட்டது என்ற எண்ணத்தை இதில் நுழையவே விடாதீர்கள்.

கிளாசிக்கல் கண்டிஷனிங்கின் நான்கு பெயர்கள். கீமோதெரபிக்கு முன் ஒரு சிறுமி ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் சாப்பிடுகிறாள். மருந்து குமட்டுகிறது. பிறகு ஐஸ்கிரீமைப் பார்த்தாலே குமட்டுகிறது. எது கண்டிஷன்டு ஸ்டிமுலஸ்? முதலில், யாரும் சொல்லித்தராமல் தானே நடப்பது எது என்று தேடுங்கள்: மருந்தால் வரும் குமட்டல். ஆக மருந்து அன்கண்டிஷன்டு ஸ்டிமுலஸ், அதனால் வந்த குமட்டல் அன்கண்டிஷன்டு ரெஸ்பான்ஸ். மிச்சம் தானே விழும்: ஐஸ்கிரீம் கண்டிஷன்டு ஸ்டிமுலஸ், அதைப் பார்த்து வரும் குமட்டல் கண்டிஷன்டு ரெஸ்பான்ஸ்.

புரோஆக்டிவ், ரெட்ரோஆக்டிவ் இன்டர்ஃபியரன்ஸ். பழைய பாஸ்வேர்டு குறுக்கே வந்து புதியதை மறக்கவைத்தால் புரோஆக்டிவ். புதியது குறுக்கே வந்து பழையதை மறக்கவைத்தால் ரெட்ரோஆக்டிவ். எது குறுக்கே வருகிறது என்பதை மட்டும் பாருங்கள். எது மறந்தது என்று தொடங்கினால் குழம்பும்.

உணர்ச்சிக் கோட்பாடுகள் மூன்று. நாய் துரத்துகிறது. இதயம் படபடப்பதை உணர்ந்தபின் பயம் வருகிறது என்றால் ஜேம்ஸ்-லாங்கே. படபடப்பும் பயமும் ஒரே நேரத்தில் என்றால் கேனன்-பார்ட். படபடப்பு வந்து, "நாய் துரத்துகிறது, ஆகவே இது பயம்" என்று மனம் பெயர் சூட்டினால் ஷாக்டர்-சிங்கர்.

ரேண்டம் சாம்ப்ளிங், ரேண்டம் அசைன்மென்ட். ஆட்களை மக்கள்தொகையிலிருந்து எடுப்பது முதலாவது. எடுத்த ஆட்களைக் குழுக்களாகப் பிரிப்பது இரண்டாவது. காரணம் இதுதான் என்று முடிவு கூற வேண்டுமானால் வேண்டியது இரண்டாவது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து கூடுகின்றன என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகாது என்ற கேள்வியையும் எதிர்பாருங்கள்.

மற்ற இரட்டையர்களைப் பட்டியலாகத் தருகிறேன், கார்டு நீங்களே எழுதுங்கள்:

- ஆஷ் நடத்தியது கோடுகளின் நீளம் பற்றிய சோதனை, கூட்டத்தோடு ஒத்துப்போவது. மில்கிராம் நடத்தியது மின்அதிர்ச்சிச் சோதனை, மேலதிகாரிக்குக் கீழ்ப்படிவது.
- புரோக்கா பகுதி பழுதானால் பேச்சு திக்கும், புரிதல் பெரும்பாலும் தங்கும். வெர்னிக்கே பகுதி பழுதானால் பேச்சு சரளம், பொருள் இருக்காது.
- ஸ்கிசோஃப்ரீனியாவுக்கும் பல ஆளுமைகளுக்கும் தொடர்பில்லை. பின்னது டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர். சினிமா பார்த்து வந்த குழப்பம் இது.
- ரிலையபிலிட்டி என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே விடை தருவது. வேலிடிட்டி என்றால் அளக்க நினைத்ததையே அளப்பது.
- பசுவைப் பார்த்துக் குழந்தை "நாய்" என்றால் அசிமிலேஷன். "இது நாயில்லை, வேறு" என்று புது வகை உண்டாக்கினால் அகாமடேஷன்.
- பீஸ் கணக்கில் கூலி ஃபிக்ஸ்டு ரேஷியோ. சூதாட்ட இயந்திரம் வேரியபிள் ரேஷியோ.

பெயர்களில் பியாஜேயின் நான்கு நிலைகளும் எரிக்சனின் எட்டு நிலைகளும் வயதோடு தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் லைப்சிக்கில் முதல் உளவியல் ஆய்வகம் தொடங்கினார் என்ற ஒன்று போதும். புள்ளியியலுக்கு ஒரு மாலை: மீன், மீடியன், மோடு, ஸ்டாண்டர்ட் டீவியேஷன், நார்மல் கர்வ். ஐ.க்யூ. சராசரி 100, டீவியேஷன் 15 என்றால் 85-க்கும் 115-க்கும் இடையில் ஏறத்தாழ 68 சதவீதம் பேர் என்று சொல்லத் தெரிந்தால் சரி.

## ஆறு வாரத் திட்டம்

எண்கள் ஓப்பன்ஸ்டாக்ஸ் அத்தியாயங்கள்.

1. முதல் வாரம்: தயாரிப்பே இல்லாமல் சில மாதிரிக் கேள்விகள். பிறகு 1, 2, 3. நரம்பு, மூளைப் பகுதி சலிப்பூட்டும். படம் வரைந்து பெயர் எழுதிப் பழகுங்கள்.
2. இரண்டாம் வாரம்: 4, 5.
3. மூன்றாம் வாரம்: 6, 8. கற்றலும் நினைவும். அவசரப்படாதீர்கள்.
4. நான்காம் வாரம்: 7, 9, 10.
5. ஐந்தாம் வாரம்: 11, 12, 15, 16. கனமான வாரம், வேலைக்குப் போகிறவர்கள் இதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.
6. ஆறாம் வாரம்: 14, புள்ளியியல், கடிகாரம் வைத்து முழு மாதிரித் தேர்வு. 13-ஐப் புரட்டிப் பார்த்தால் போதும்.

மாதிரித் தேர்வில் பத்துக்கு ஏழு சரியாக வரும்வரை தேதி குறிக்காதீர்கள் என்பது என் அறிவுரை. தவறான ஒவ்வொரு விடைக்கும் அருகில் காரணத்தை எழுதுங்கள்: தெரியவில்லையா, இரட்டையரில் மாறிப்போனதா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு.

## கவனம் தேவைப்படும் சில

மனநோய்ப் பகுதியைப் படிக்கும்போது, "இது எனக்கும் இருக்கிறதே" என்று தோன்றும். மருத்துவ மாணவர்களுக்கும் இது நேர்வதுண்டு. பாடநூலை வைத்து உங்களையோ வீட்டிலிருப்பவர்களையோ நோயாளி என்று முடிவு செய்யாதீர்கள். அதேநேரம், நெடுநாள் மனச்சோர்வோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ உண்மையாகவே இருந்தால் படிப்பு காத்திருக்கட்டும். அமெரிக்காவில் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை.

"நேற்று வந்த கேள்விகள்" என்று விற்பவர்களிடம் வாங்காதீர்கள். மதிப்பெண்ணை ரத்து செய்வார்கள், கல்லூரியிலும் பெயர் கெடும்.

## பதிவும் தேர்வு நாளும்

1. காலேஜ் போர்டு கணக்கில் பதிவு செய்யும்போது, அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். நம் பெயர்களில் இது பெரிய தலைவலி: இனிஷியல் ஓரிடத்தில் விரிந்திருக்கும், இன்னோரிடத்தில் சுருங்கியிருக்கும், விசாவில் முதற்பெயரின் இடத்தில் எஃப்.என்.யூ. (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதை முன்னால் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பொருந்தாவிட்டால் மையத்தில் உள்ளே விடமாட்டார்கள்.
2. மதிப்பெண் போகவேண்டிய கல்லூரியைப் பதிவின்போதே குறியுங்கள், அது இலவசம். பிறகு அனுப்பக் கட்டணம் உண்டு.
3. நுழைவுச் சீட்டு வந்ததும் தேர்வு மையத்தில் தனியாக நேரம் வாங்குங்கள். கட்டணம் கட்டியதாலேயே இடம் கிடைத்துவிடாது.
4. வீட்டிலிருந்து எழுதுவதானால் உங்கள் கணினி பொருந்துமா என்று முன்பே சோதியுங்கள். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. குழந்தை கதவைத் திறந்துகொண்டு வரும் வீடானால் மையத்துக்கே போய்விடுங்கள்.
5. முந்தைய இரவு புதிதாக எதையும் படிக்காமல் தூங்குங்கள்.

உள்ளே போனதும் நேரம்தான் எதிரி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. 30-ஆவது நிமிடத்தில் 32 கேள்வி, 60-ஆவது நிமிடத்தில் 64 என்று குறி வைத்துக்கொள்ளுங்கள். தயங்கும் கேள்விக்கு ஒரு விடையைத் தேர்ந்தெடுத்து, திரும்பிப் பார்க்க என்று குறியிட்டுவிட்டு நகருங்கள். 'தவிர', 'அல்லாதது' என்ற பொருளில் பெரிய எழுத்தில் வரும் சொல்லைக் கவனியுங்கள். எதையும் காலியாக விடாதீர்கள்.

முடித்ததும் மதிப்பெண் திரையிலேயே வரும். குறைந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதலாம். அதுவரை கார்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தேறிவிட்டால், சில வாரங்களில் கல்லூரிக் கணக்கில் நுழைந்து டிகிரி ஆடிட்டை, அதாவது பட்டத்துக்கு எந்தப் பாடங்கள் கணக்கில் சேர்ந்தன என்ற பட்டியலைப் பாருங்கள். மூன்று கிரெடிட்டும் உளவியல் பாடத்துக்கு நேராக விழாமல் பொது எலெக்டிவ் என்று விழுந்திருந்தால், முதலில் வாங்கி வைத்த அட்வைசரின் மின்னஞ்சலை இணைத்து ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.